கண்ட்ரோல், ஆல்ட், மிளகு

காஞ்சிபுரத்தில் பெயர் ஒருமை அலுவலகம் என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை வந்தவர்கள் அதன் பிறகு அதை மறந்ததில்லை. பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரியும் ஆதார் அட்டையில் வேறு மாதிரியும் பெயர் விழுந்துவிட்ட ஆசாமி, இரண்டும் தானேதான் என்று நிரூபிக்க வேண்டுமென்றால் இந்த அலுவலகம்தான் சான்று தர வேண்டும். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் அது இயங்கியது. நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு பேரை, அவரவர் அவரவர்தான் என்று அது ஒப்புக்கொள்ளும்.

அந்த நான்கு சான்றுகளையும் அடித்துத் தருகிறவள் எஸ்தர். வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் ஒப்பந்த ஊழியர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவளுடைய ஒப்பந்தம் முடியும். அலுவலகத்துக்கு மனசிருந்தால் மறுபடி தொடங்கும். இப்படியே ஏழு வருஷம் ஓடிவிட்டது. போன வருஷம் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், மின்விசிறி சுற்றவில்லை என்று எழுதிக் கொடுத்தாள். இப்போது அந்தப் பெண்ணும் இல்லை, நாற்காலியும் இல்லை. மின்விசிறி மட்டும் அப்படியே சுற்றாமல் இருக்கிறது.

அலுவலகத்தில் கணினிகள் இரண்டு. ஒன்று தனி அலுவலர் நமச்சிவாயத்தின் மேசையில் இருந்தது. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து உறை போட்டார்கள். அதன் பிறகு யாரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை. மற்றது எஸ்தரின் மடிக்கணினி. பத்து வருஷத்துக்கு முந்தியது. விசைகளில் பாதிக்கு எழுத்து தேய்ந்துவிட்டது. எது எங்கே இருக்கிறது என்று எஸ்தரின் விரல்களுக்கு மட்டும் தெரியும்.

சங்கதி, மூன்று நாள் விடுமுறை கழிந்த ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்குத் தொடங்கியது. ஜன்னலுக்கு வெளியே, மாடி வராந்தாவில், முசரவாக்கம் கோதண்டபாணி நின்றிருந்தார். சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் மகள் பிரியதர்ஷினிக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஆனால் மகளின் சான்றிதழில் அப்பா பெயர் ‘கோதண்டபானி’ என்று இரண்டு சுழி ‘ன’வுடன் விழுந்திருந்தது. ஆதாரில் மூன்று சுழி ‘ண’. ஒரு சுழி குறைந்ததில் அந்தப் பெண்ணுக்குத் தகப்பனே மாறிப்போய்விட்டான்.

“போன வாரமே ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டோம்மா,” என்றார் கோதண்டபாணி. ரெண்டு பேரும் என்று அவர் சொன்னது தன்னையும் தன்னையும்தான். விண்ணப்பத்தில் இரண்டு சுழிக்காரருக்கு ஒரு கட்டம், மூன்று சுழிக்காரருக்கு ஒரு கட்டம் உண்டு. இரண்டிலும் அவர் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“லிஸ்ட்ல கடசீ பேரு உங்களுதுதாணா. காலேஜ் அவசரம்ன்றதால இப்பவே எடுத்துடறன்,” என்றாள் எஸ்தர்.

பட்டியலைத் திறந்தாள். முடிந்ததும் முடியாததுமாக ஆயிரத்து இருநூறு பெயர்கள். ஒவ்வொன்றாக இறங்கினால் சாயங்காலம் ஆகிவிடும். அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: வலது பக்கத்து கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு கீழ் அம்பைத் தட்டினால் ஒரே தாவலில் கடைசி வரி. ஏழு வருஷமாகத் தாவிய தாவல். தட்டினாள்.

திரை தலைகீழாக நின்றது. ஆயிரத்து இருநூறு பேரும் காலை மேலே தூக்கிக்கொண்டு தொங்கினார்கள்.

“இன்னாமா ஆச்சு?”

“கவுந்துக்கினு நிக்குதுணா.”

கோதண்டபாணியின் முகம் சுண்டியது. “என் பேப்பர்ல எதனா தப்பா?”

எஸ்தர் மடிக்கணினியை அணைத்துப் போட்டாள். நிமிர்ந்து வந்தது. கடைசி வரிக்குத் தாவினாள். கவிழ்ந்தது. தன் செல்போனை எடுத்துத் தேடிப் பார்த்தாள். பழைய மடிக்கணினிகள் சிலவற்றில் கண்ட்ரோல், ஆல்ட், கீழ் அம்பு மூன்றையும் சேர்த்து அமுக்கினால் திரை கவிழும், மேல் அம்பு என்றால் நிமிரும் என்று இருந்தது. அவளோ ஆல்ட் விசையைத் தொடவே இல்லை. இடது பக்கத்து கண்ட்ரோலை அமுக்கிப் பார்த்தாள். ஒழுங்காகக் கடைசி வரிக்குப் போனது. வலது கண்ட்ரோலை அமுக்கினால்தான் இந்தக் கூத்து.

குனிந்து, கண்ணை விசைகளின் மட்டத்துக்குக் கொண்டுபோனாள். வலது கண்ட்ரோலை மெல்ல அமுக்கினாள். பக்கத்திலிருந்த ஆல்ட்டும் கூடவே இறங்கியது. இரண்டுக்கும் நடுவே கறுப்பாக ஏதோ மாட்டியிருந்தது. மூக்கை வைத்தாள். மிளகு.

போன வெள்ளிக்கிழமை கண்காணிப்பாளர் லோகாம்பாள், மகனுக்கு விசா கிடைத்த சந்தோஷத்தில் கோயில் இட்லி கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்திருந்தார். மிளகும் சுக்கும் தூக்கலாகப் போட்ட இட்லி. எஸ்தரின் மேசையைச் சுற்றி நின்றுதான் எல்லோரும் சாப்பிட்டார்கள்.

“மேடம், ஒரு ஊக்கு இருக்குதா? மிளகு மாட்டிக்கினு இருக்குது. நெம்பினா வந்துடும்.”

லோகாம்பாள் எழுந்தே விட்டார். “தொடாதே! அரசாங்கச் சொத்து அது. ரெண்டு பட்டனுக்கு நடுவுல ஊக்க உட்டா, பிரிக்கறதுன்னு அர்த்தம். பிரிக்கணும்னா பழுதுன்னு எழுதணும்.”

“எடது பக்கம் நல்லாத்தான் வேல செய்யுது மேடம். அத வெச்சே இவருத முடிச்சிடறன்.”

“பழுதுன்னு எழுதிட்டேனே,” என்றார் லோகாம்பாள். உண்மைதான். பேசிக்கொண்டே எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார். “பழுதான கருவியில அடிச்ச சான்று நாளைக்குக் கோர்ட்டுல நிக்குமா?”

“அப்ப நானு?” என்றார் கோதண்டபாணி ஜன்னலுக்கு வெளியிலிருந்து.

“நீங்க ரெண்டு பேரும் நாளைக்கு வாங்க,” என்றார் லோகாம்பாள்.

புதன்கிழமை காலை தனி அலுவலர் நமச்சிவாயம் ஊழியர் கூட்டம் கூட்டினார். தேநீர் வந்தது. அவர் எழுந்து நின்று பேசினார்.

“இருபத்தொன்பது வருஷ சர்வீஸ்ல என் முன்னாடி ஒரு திரைகூடக் கவிழ்ந்தது கிடையாது. ஏன்? நான் எந்தத் திரை முன்னாடியும் உட்கார்ந்தது கிடையாது. இதுக்குப் பேர்தான் நிர்வாகம்.” லோகாம்பாள் கைதட்டினார். “போன வருஷம் நாலாயிரம் பேர் நம்மைத் தேடி வந்ததா அறிக்கையில காட்டியிருக்கேன். தலையை எண்ணினா ஆயிரம்தான். ஒவ்வொருத்தரும் நாலு தடவை வந்திருக்காங்க. மக்களுக்கும் நமக்கும் இருக்கிற இந்தப் பிணைப்பு, ஒரு மடிக்கணினியால அறுந்து போகக் கூடாது.”

“சார், ஒரு ஊக்கு இருந்தா ஒரு நிமிஷத்துல—” என்று எஸ்தர் ஆரம்பித்தாள்.

“ஊக்கு பத்திக் குழு முடிவு பண்ணும்.”

அப்படித்தான் கவிழ்திரை ஆய்வுக் குழு பிறந்தது. தலைவர் நமச்சிவாயம், உறுப்பினர் லோகாம்பாள், தொழில்நுட்ப உறுப்பினராக வெளியிலிருந்து ஒருவர். குழுவின் நடவடிக்கைகளை அடிக்க ஒரு கணினி வேண்டுமே? பழுதான கருவியில் சான்றுதான் அடிக்கக் கூடாது, பழுதைப் பற்றிய கடிதங்கள் அடிக்கலாம் என்று தலைவர் விளக்கினார். திரை கவிழ்ந்திருப்பதால் மடிக்கணினியையே கவிழ்த்து வைத்துவிட்டால் எழுத்து நேராகத் தெரியும் என்பதும் அவருடைய யோசனைதான்.

மேல் அம்பைத் தட்டினால் திரை தானே நிமிரும் என்று எஸ்தர் சொல்லிப் பார்த்தாள். ஆய்வு முடியும்வரை பழுதின் நிலையை மாற்றக் கூடாது என்றார் லோகாம்பாள். ஆகவே மடிக்கணினி மேசைமேல் கூடாரம் போலக் கவிழ்ந்து நின்றது. படிப்பதற்கு எஸ்தர் மேசைக்கு இந்தப் பக்கம் வர வேண்டும், விசைகளைத் தட்ட அந்தப் பக்கம் போக வேண்டும். ஒரு பக்கக் கடிதம் அடிப்பதற்குள் நாற்பது தடவை மேசையைச் சுற்றினாள். லோகாம்பாள் அதைக் கவனித்து, ‘அடிக்கடி இருக்கையில் இல்லை’ என்று வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார்.

கோதண்டபாணி அன்று முழுக்க ஜன்னல் அருகே நின்று, அவள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, “நீ பாவம்மா,” என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை ஆனந்தகுமார் வந்து இறங்கினார். மாவட்ட மின்னணுத் தீர்வு ஒருங்கிணைப்பாளர்; குழுவின் தொழில்நுட்ப உறுப்பினர் இவர்தான். கையில் அறுபத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவம் இருந்தது.

“கம்ப்யூட்டர் இப்ப ஆன்ல இருக்கா?”

“இருக்குது சார்.”

“ஆன்ல இருக்குன்னு எப்படி முடிவுக்கு வந்தீங்க?”

எஸ்தர் திரையைக் காட்டினாள். ‘காட்சி அடிப்படையில்’ என்று அவர் எழுதிக்கொண்டார். நாற்பதாவது கேள்வியில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. அவரைக் குனிய வைத்து மிளகைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

“நான் சாஃப்ட்வேர்மா. மிளகு ஹார்டுவேர்ல வரும்.” பேனா முனையால் தட்டிப் பார்த்தார். “ஊறிப்போயிருந்தா ஒருவேளை எனக்கு வந்திருக்கும். இது காய்ஞ்சிருக்கு.”

ஹார்டுவேர்க்காரர் யார் என்று கேட்டதற்கு, அந்தப் பதவிக்கு அனுமதி வந்திருக்கிறது, ஆள் இன்னும் நியமிக்கப்படவில்லை என்றார்.

“அப்ப நானே எடுத்துடறன் சார்,” என்றாள் எஸ்தர்.

“அதெப்படி?” என்றார் லோகாம்பாள். “அது பிரசாதம். கண்டவங்க கைய வெச்சு நெம்பிக் குப்பையில போட முடியுமா?”

கண்டவங்க என்று சொல்லும்போது அவர் பார்வை எஸ்தரின் மேல் பட்டுத் திரும்பியது. எஸ்தருக்குக் காது சூடேறியது. ஏழு வருஷத்தில் இதைப் போன்ற பார்வைகள் எத்தனையோ வந்து போயிருக்கின்றன. அவளும் கணினியையே பார்த்துக்கொண்டு இருந்துவிடுவாள். இன்றைக்கு அந்தக் கணினியும் தலைகீழாக இருந்தது.

“வெள்ளிக்கெழம எனக்கும் ரெண்டு துண்டு குடுத்தீங்களே மேடம். சாப்ட சொல்லோ கண்டவளா தெரியலயா?”

ஆனந்தகுமார் படிவத்தில் எதையோ தேடினார்.

“இது உணர்வுபூர்வமான விஷயம்,” என்றார் நமச்சிவாயம் கடைசியில். “உணர்வுபூர்வமான விஷயம்னா உபகுழு.”

உபகுழு அமையும்வரை மிளகுக்குப் பாதுகாப்பு வேண்டும் அல்லவா? இருப்புப் பதிவேட்டில் ‘மிளகு, அரை, கருவியுடன் இணைந்தது’ என்று ஒரு வரி ஏறியது. மடிக்கணினியைத் துணி நாடாவால் கட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். அரக்கு ஆறிக்கொண்டிருந்தபோது நமச்சிவாயத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“செவ்வாய்க்கிழமை வரைக்கும் நேரா இருந்த கணினியும், இப்ப தலைகீழா இருக்கிற கணினியும் ஒண்ணுதான்னு என்ன ஆதாரம்?”

“நல்ல கேள்வி சார்,” என்றார் ஆனந்தகுமார்.

“ஒருமைச் சான்று வாங்கணும்.”

“வாங்கணும் சார்.”

அந்தச் சான்றைத் தரக்கூடிய அலுவலகம் மாவட்டத்திலேயே ஒன்றுதான் என்பதும், அது அடிக்கப்படும் கணினி எது என்பதும் மூவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. தேநீர் சொல்லி அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே கோதண்டபாணி மகளுடன் வந்துவிட்டார். பிரியதர்ஷினி புதுச் சுடிதார் போட்டு, சான்றிதழ்கள் அடங்கிய உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“பொட்டி, பாய், பக்கெட்டு எல்லாம் வண்டியில ஏத்திக்கினு வந்துட்டேம்மா. கையில குடுத்தா இங்கேருந்து நேரா போய்டுவோம். ஒன்ற மணி நேரந்தான்.”

எஸ்தர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கீழே சரக்கு ஆட்டோவின் பின்னால் நீலப் பெட்டி ஒன்றும், அதன் மேல் கவிழ்த்து வைத்த சிவப்பு பக்கெட்டும் வெயிலில் இருந்தன. முத்திரை வைத்த மடிக்கணினி அவள் மேசையில் இருந்தது. “ஒக்காருங்கணா,” என்றாள். உட்கார நாற்காலி இல்லை.

இரண்டரை மணிக்குக் குழுவிடமிருந்து எழுத்து மூலமாக ஓர் ஆணை வந்தது. உறுப்பினர்கள் முன்னிலையில் திரையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும், அதற்காக முத்திரையைப் பிரித்துக் கருவியைக் கூட்ட அறைக்குக் கொண்டுவர வேண்டும்.

எஸ்தர் நாடாவை அறுத்தாள். மேல் அம்பைத் தட்டித் திரையை நிமிர்த்தினாள். இன்னும் மூன்று வாரத்தில் ஒப்பந்தம் முடிகிறது. இல்லாமல் போன அந்த நாற்காலியின் இடத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“ஏம்மா பிரியா, ஊக்கு வெச்சிக்கினு இருக்கியா?”

பிரியதர்ஷினி துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். எஸ்தர் இரண்டு விசைகளுக்கும் நடுவே அதை விட்டு ஒரு நெம்பு நெம்பினாள். டக்கென்று அரை மிளகு எகிறி, ஜன்னல் கட்டையில் கோதண்டபாணியின் முன்னால் போய் விழுந்தது. நான்கு நாள் வேலை. நான்கு விநாடி ஆனது.

கூட்ட அறையில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். ஆனந்தகுமார் செல்போனில் படம் எடுக்கத் தயாராக நின்றார். எஸ்தர் வலது கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கீழ் அம்பைத் தட்டினாள். பட்டியல் ஒரே தாவலில் கடைசி வரிக்குப் போய் நின்றது. திரை அசையவில்லை.

“கவிழலையே,” என்றார் நமச்சிவாயம். அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

இன்னொரு முறை தட்டினாள். கவிழவில்லை.

“அப்ப குழு எதுக்கு?” என்றார் லோகாம்பாள்.

ஆனந்தகுமார்தான் முதலில் சுதாரித்தார். “நேத்து நான் அறுபத்து நாலு கேள்வி கேட்டேன் இல்ல சார்? அதோட விளைவா இருக்கலாம்.”

நமச்சிவாயத்தின் முகம் மலர்ந்தது. “அப்ப குழு பிரச்சினையைத் தீர்த்துடுச்சு! மூணே நாள்ல! இன்னிக்கே மேலே அறிக்கை அனுப்பணும். ஆனா சரியாயிடுச்சுங்கறதுக்கு ஆதாரம் இணைக்கணுமே.”

“ஒரு சான்று அடிச்சி இணைச்சிடலாம் சார்,” என்றாள் எஸ்தர். “மாதிரிக்கு.”

“யார் பேர்ல?”

“திரையில நிக்கிற கடசீ பேரு சார். நீங்களே பாருங்க.”

மூவரும் பார்த்தார்கள். கோதண்டபாணி, கோதண்டபானி என்று இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அது ஒரு மனிதரின் பெயர் என்பதோ, அவர் பத்தடி தூரத்தில் நிற்கிறார் என்பதோ யாருக்கும் தோன்றவில்லை. மூன்று பிரதி அச்சாகி வந்தது. நமச்சிவாயம் பச்சை மையில் மூன்றிலும் கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரை வைத்து, ‘இணைப்பு அ’ என்று இன்னொரு முத்திரையும் வைத்தார். பத்து நாளாக ஒரு மனிதருக்காகப் போட முடியாத கையெழுத்து, ஓர் அறிக்கைக்காக ஒரு நிமிஷத்தில் விழுந்தது.

“ஒண்ணு அறிக்கைக்கு, ஒண்ணு கோப்புக்கு. மூணாவது எதுக்குமா?”

“சேரவேண்டிய எடத்துக்கு சார்.”

“சரி, சரி.”

எஸ்தர் நடந்து வந்ததாகச் சொல்ல முடியாது. ஜன்னல் வழியே காகிதத்தை நீட்டியபோது மணி இரண்டு ஐம்பத்தைந்து. கோதண்டபாணி அதை இரண்டு கையாலும் வாங்கினார். படிக்கக்கூட நிற்காமல் மகளைப் படியை நோக்கித் தள்ளினார்.

“ணா, அந்த மிளகு எங்க?”

அவர் பாதிப் படியில் நின்று, கூச்சத்தோடு வாயைத் துடைத்துக்கொண்டார். “காலையிலேருந்து ஒண்ணும் சாப்டலம்மா. தெரியாம வாயில போட்டுக்கினேன்.”

நாலு நாற்பதுக்குப் பிரியதர்ஷினியிடமிருந்து போன் வந்தது. “சேந்துட்டேங்கா! அந்த ரெண்டாவது சீல பாத்ததும் ஒண்ணுமே கேக்கலக்கா, ஒடனே எடுத்துக்கினாங்க.” பின்னால் பக்கெட் ஒன்று தரையில் உருளும் சத்தம் கேட்டது. எஸ்தர் போனை வைத்துவிட்டு, கைப்பையைத் திறந்து மூடினாள். வேறொன்றுமில்லை, கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடினாள்.

திங்கட்கிழமை இருப்புச் சோதனை நடந்தது. அரை மிளகு குறைந்தது. பதினொரு மணிக்கு லோகாம்பாள் ஒரு குறிப்பாணையைக் கொண்டுவந்து எஸ்தரின் மேசையில் வைத்தார். பதிவேட்டில் ஏறிய பொருளை அனுமதியின்றி அகற்றியது, அதைத் தொலைத்தது, குழுவின் முன் பழுதைக் காட்டத் தவறியது என்று மூன்று குற்றச்சாட்டுகள். பதில் வந்து முடிவாகும்வரை ஒப்பந்தத்தை நீட்டிக்கவும் கூடாது, முடிக்கவும் கூடாது என்று ஆணை.

எஸ்தர் அதை ஒரு தரம் படித்தாள். இரண்டாந்தரம் படிக்கும்போது முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். எடுத்துக்கொண்டு நேராக நமச்சிவாயத்தின் அறைக்குப் போனாள்.

“சார், இது யாருக்கு?”

“உனக்குத்தாம்மா. பெயர் போட்டிருக்கே.”

“எஸ்த்தர்னு போட்டிருக்குது சார். என் பேர்ல ‘த்’ கெடயாது. நான் வாங்கிக்கினா நாளைக்குக் கோர்ட்டுல நிக்குமா?”

நமச்சிவாயம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஓர் ஒற்று மிகுந்துதான் இருந்தது. அவர் முகத்தில் கோபம் வரவில்லை. இருபத்தொன்பது வருஷமாகத் தான் நம்பி வந்த ஒன்றை இன்னொருவரும் நம்புவதைக் கண்டுகொண்ட நிறைவு வந்தது.

“சரியான பாயிண்ட்,” என்றார். “இவங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான்னு முதல்ல சான்று வாங்கணும்.”

அன்றைக்கே விண்ணப்பம் போடப்பட்டது. வரிசையில் முந்நூற்று எண்பத்தாறு பேருக்குப் பின்னால் அது இருந்தாலும் எஸ்தர் அவசரப்படவில்லை. வரிசையை மீறுவது அந்த அலுவலகத்தில் பெருங்குற்றம். அதன் முறை வந்தபோது எடுத்துச் சரிபார்த்து, ‘முழுமையற்றது, நிலுவையில் வைக்கலாம்’ என்று குறித்துத் திரும்பவும் தட்டில் வைத்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறது; நீட்டிக்கவும் முடிக்கவும் முடியாத ஒப்பந்தத்தோடு எஸ்தரும் அதே மேசையில்தான் இருக்கிறாள். முதல் கட்டத்தில் எஸ்தரின் கையெழுத்து தெளிவாக இருக்கிறது. இரண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டிய எஸ்த்தர் இன்னும் அலுவலகத்துக்கு வரவில்லை.